டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு: காயம்பட்ட வீரர்களுக்காக வண்டி எடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

காயம்பட்ட முன்னாள் ராணுவ வீரர்களுக்கு நிதி சேர்க்க மூன்று முறை தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேப் டவுன் வரை பைக்கில் போய் வந்திருக்கிறேன். இந்த நவம்பரில் டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பிள்ளைகள் சிலர் கிளம்புகிறார்கள். ஆளுக்கொரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த் தம்பி: அண்ணா, நண்பன் ஒருவன் இரண்டே நாளில் கேப் டவுன் போனதாகச் சொல்கிறான். நாங்களும் அப்படிப் போகலாமா?

போகலாம் தம்பி. ஆனால் இந்தப் பயணத்துக்கு அது பொருந்தாது. என்2 சாலையில் 1,700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். நான் ஐந்து நாள் எடுப்பேன். முதல் நாள் போர்ட் ஷெப்ஸ்டோன், கோக்ஸ்டாட் வழியாக உம்டாட்டா. அடுத்த நாள் ஈஸ்ட் லண்டன் வரை மட்டும். மூன்றாம் நாள் போர்ட் எலிசபெத், இப்போது அதன் பெயர் கெபெர்ஹா. நான்காம் நாள் நைஸ்னா தாண்டி மோசல் பே. ஐந்தாம் நாள் கேப் டவுன். இரண்டாம் நாளைச் சின்னதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வழியில் இருக்கும் வீரர்களைப் பார்க்கவும் பேசவும் நேரம் வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போனால் யாருக்காகப் போகிறோம் என்பதே மறந்துவிடும்.

கோக்ஸ்டாட்டுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவே மாடும் ஆடும் சாலையிலேயே நிற்கும். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பகுதியில் வண்டி எடுக்கவே கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நவம்பரில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரும், அதனால் விடியலில் கிளம்பி மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். நான்காம் நாள் வழியில் வரும் புளூக்ரான்ஸ் பாலம் 216 மீட்டர் உயரம். அங்கே பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், உடம்பைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்தபடி போங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை: நிதி எப்படிச் சேர்ப்பது அண்ணா? பைக்கில் போவதாலேயே பணம் வந்துவிடுமா?

வராது அம்மா. ஓடும் வண்டியைப் பார்த்துக் கை அசைப்பார்கள், அவ்வளவுதான். பணம் கிளம்புவதற்கு முன்பே வர வேண்டும். எங்களுக்கு நன்றாக நடந்தது கிலோமீட்டர் வாக்குறுதி. ஒருவர் கிலோமீட்டருக்கு ஒரு ராண்ட் தருவதாகச் சொன்னால் 1,700 ராண்ட். அப்படி நாற்பது பேர் கிடைத்தால் 68,000. பத்துக் காசு தருகிறேன் என்பவரையும் அதே மரியாதையோடு எழுதிக்கொள்ளுங்கள், அவர் பங்கும் 170 ராண்ட்.

அப்புறம் பிரியாணி. நம் ஊரில் கோவிலுக்கும் பள்ளிக்கும் கிளப்புக்கும் பிரியாணி விற்றுத்தான் பணம் சேர்த்திருக்கிறோம், இதற்கும் அதையே செய்யுங்கள். முன்பதிவு வாங்கிய பிறகே பானையை அடுப்பில் ஏற்றுங்கள். தெருவில் உண்டியல் குலுக்குவதாக இருந்தால் முதலில் நகராட்சியிடம் அனுமதி கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சேர்ந்த பணத்திலிருந்து பெட்ரோலுக்கு ஒரு காசு கூட எடுக்காதீர்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டிக்குப் போக மட்டும் 85 லிட்டர் ஆகும். அதை ஓட்டுகிறவரே போட வேண்டும், முடியாதவருக்கு நண்பர்கள் தனியாகச் சேர்த்துத் தரட்டும். முதல் தடவை நாங்கள் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் பதினொரு ரசீதைக் காணோம். ஐம்பது ராண்ட் கொடுத்திருந்த ஒரு அம்மா, கணவரைச் சண்டையில் பறிகொடுத்தவர், 'என் பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா தம்பி?' என்று கேட்டார். போய்ச் சேர்ந்ததுதான், ஆனால் அதைக் காட்ட என் கையில் காகிதம் இல்லை. அன்றிலிருந்து தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, வாரா வாரம் வரவு செலவை எல்லோருக்கும் அனுப்புவது என்று மாற்றிக்கொண்டோம்.

மேர்பேங்க் வாசகர்: கடைக்காரர்கள் வரிச் சலுகைக்கு ரசீது கேட்கிறார்கள். நாங்களே கொடுக்கலாமா?

கூடாது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே அந்த ரசீதைக் கொடுக்க முடியும். வரிக்கு உட்பட்ட வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். எல்லா வீரர் அமைப்புகளுக்கும் அந்த அங்கீகாரம் இருக்காது, முதலிலேயே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பணம் நேராக அந்த அமைப்பின் கணக்குக்கே போகும்படி செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

டோங்காட்டிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, தவறாக நினைக்காதே. அந்தக் காலத்து ராணுவம் நம்மை அடக்கி வைத்த நிறவெறி அரசின் ராணுவம். அதில் இருந்தவர்களுக்கு நாம் ஏன் கையேந்த வேண்டும்?

ஐயா, நீங்கள் கேட்டது நல்லது. என் வீட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. 2011-இல் வந்த முன்னாள் வீரர்கள் சட்டம், விடுதலைப் போரில் எந்தப் பக்கம் நின்றவரையும் முன்னாள் வீரர் என்றே சொல்கிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கோண்டோ வே சிஸ்வேயில் இருந்தவரும் அதில் உண்டு, பழைய ராணுவத்தில் இருந்தவரும் உண்டு. 1994-க்குப் பிறகு புதிய ராணுவத்தில் சேர்ந்து வெளியே வந்தவர்களும் உண்டு. 2013-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்குய் நகரிலும், 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா பக்கத்திலும் நம் நாட்டுப் பிள்ளைகள் செத்தார்கள், காயம்பட்டார்கள். அவர்கள் எந்த அடக்குமுறைக்கும் போனவர்கள் இல்லை.

இன்னும் பின்னால் போனால், இரண்டாம் உலகப் போரில் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் நம்மவர்கள் லாரி ஓட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். கையில் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை, ஆனால் குண்டு அவர்கள் மேலும் விழுந்தது.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன் ஐயா. உங்கள் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள், அவருக்கே போய்ச் சேரும்.

ஐசிபிங்கோ வாசகி: அவர்களுக்கு உண்மையில் என்ன தேவை? சக்கர நாற்காலியா?

அக்கா, கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். சிலருக்கு நாற்காலி இருக்கும், வாசலில் சாய்தளம் இருக்காது. மின்சார நாற்காலி இருக்கும், பேட்டரி தேய்ந்து போயிருக்கும். செயற்கைக் கால் ஒரு முறை பொருத்தினால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வெட்டிய காலின் முனை நாளடைவில் சுருங்கும், வடிவம் மாறும். அதைத் தாங்கும் கிண்ணம் போன்ற பகுதி தளர்ந்து உராயும், புண்ணாகும். சில வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றியே ஆக வேண்டும். முதல் காலுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, மூன்றாவது காலுக்குத்தான் யாரும் வருவதில்லை. நாங்கள் சேர்த்த பணத்தில் பெரும் பங்கு இதற்குத்தான் போனது.

வெடிச் சத்தத்தால் காது போனவர்கள் நிறைய. தூக்கம் போனவர்களும். வெளியே காயமே தெரியாத ஒருவர் இருபது வருடமாக விளக்கை அணைக்காமல் படுக்கிறார். மனநல ஆலோசனைக்கும் நிதியில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

இதையும் எல்லோரும் கவனியுங்கள். வீரர் வீட்டுக்கோ விடுதிக்கோ போகும்போது தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஹாரன் வேண்டாம், ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். எட்டு வண்டி ஒன்றாக உறுமியதும் ஒரு மனிதர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். சைலன்சரிலிருந்து வரும் வெடிச் சத்தம் அவருக்கு வேறு ஒன்று.

ஸ்டேங்கரிலிருந்து ஒரு வாசகர்: என் மைத்துனருக்கு இடது கால் இல்லை. முன்பு பைக் ஓட்டியவர். அவரையும் அழைத்துப் போக முடியுமா?

கட்டாயம் அழைத்துப் போங்கள். இடது காலால் கியர் மாற்றுவதுதான் அவருக்குச் சிக்கல். ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வினில் டிசிடி என்ற வகை இருக்கிறது. கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும், வேண்டுமானால் விரலால் பொத்தானை அழுத்தி மாற்றலாம். ஆனால் கனமான வண்டி. நிறுத்தும்போது வலது காலில் தாங்கப் பழக வேண்டும், அதற்கு ஒரு மாதமாவது காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். பயமாக இருந்தால் மூன்று சக்கர வண்டியோ, பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி பொருத்திய வண்டியோ இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்திலும் காப்பீட்டிலும் அவர் நிலையை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அவர் வந்தால் அவரே முன்னால் போகட்டும்.

சாட்ஸ்வர்த் தம்பி மறுபடியும்: கூடவே பக்கி ஒன்று, சாமான் ஏற்றும் சின்ன டிரக், வர வேண்டுமா?

வேண்டும். முதலுதவிப் பெட்டி, டயர் பஞ்சர் சாமான், தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் அதில். களைத்தவர் அதில் ஏறிக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் போடுங்கள். ஆபத்தென்றால் கைப்பேசியில் 112.

ஓவர்போர்ட் வாசகி: அடுத்த வருடம் ஈஸ்டர் விடுமுறையில் வைத்தால் எல்லோருக்கும் லீவு கிடைக்குமே?

வேண்டாம் அம்மா. வருடத்தில் சாலை விபத்து மிக அதிகமாகும் நாட்களில் அது ஒன்று. பெரிய வெள்ளியன்று பாதிப் பேர் ஐசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவில் இருப்பார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: எனக்கு அறுபத்தெட்டு வயது. கேப் டவுன் வரை முடியாது. ஒரே நாளில் போய் வர ஏதாவது வழி உண்டா?

இருக்கிறது ஐயா, அதை நானும் ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். ஸ்பியன் கோப். டர்பனிலிருந்து என்3 வழியாக 250 கிலோமீட்டர் அளவில் வரும், உங்களுக்கு இன்னும் பக்கம். 1900 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் போயருக்கும் (டச்சு வழிவந்த குடியேறிகள்) அந்தக் குன்றின் மேல் சண்டை நடந்தது. காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் கரும்புத் தோட்டம் போன்ற இடங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள், நம் பாட்டன்மார் வகை. குடியுரிமைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்த காலத்தில், காயம்பட்ட வெள்ளைக்கார வீரர்களைத் தோளில் சுமந்து ஒரே நாளில் 20 முதல் 25 மைல் நடந்திருக்கிறார்கள்.

போர்க்களத்து மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறக்கத்தைப் பாருங்கள். நிதிக்கு மைலுக்கு ஒரு வாக்குறுதி வாங்குங்கள், 25 மைல் வரைக்கும். ஜூலையில் வேண்டாம், மேலே வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டும், 2024 செப்டம்பரில் கூட வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றன. அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோமா? நாளைச் சொல்லுங்கள், ஹோவிக் பெட்ரோல் பங்கில் காலை ஆறு மணிக்கு நான் வந்து நிற்கிறேன்.