வயதைச் சொல்லாமல் ஜுரம், நாடி எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்

கே: எங்கள் 3 மாதக் குழந்தைக்கு நாடித்துடிப்பு 140. பெரியவர்களுக்கு 100 தாண்டினாலே அதிகம் என்கிறார்களே?

ப: கைக்குழந்தைக்கு அது இயல்புதான். விழித்திருக்கும்போது 100 முதல் 180 வரை போகும், அழுதால் இன்னும் ஏறும். நன்றாகத் தூங்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அப்போதும் 160க்குக் கீழே வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: வயது 19, தினமும் ஓடுகிறேன். காலையில் துடிப்பு 48தான்.

ப: ஓடிப் பழகிய இதயம் ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும். தலைசுற்றல், மயக்கம் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கே: ஜுரம் 100.6. மருந்து கொடுத்தால் போதுமா?

ப: யாருக்கு? வயதும் இல்லை, எங்கே வைத்து அளந்தது என்றும் இல்லை. 2 மாதக் குழந்தை என்றால் எனக்கு எழுதிவிட்டுக் காத்திருந்ததே தவறு. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 தொட்டாலே, நடுராத்திரியானாலும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதே 100.6 ஓடியாடி விளையாடும் 7 வயதுப் பிள்ளைக்கு என்றால் தண்ணீர் நிறையக் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம். அப்புறம், அக்குளில் அளந்திருந்தால் உள்ளே இருக்கும் சூடு அரையோ ஒன்றோ கூடவே இருக்கும்.

கே: 4 வயது மகனுக்கு மூன்று நாளாக இருமல். மூச்சு வேகமாக இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் 97. நிம்மதியாக இருக்கலாமா?

ப: கூடாது. அந்த 97, அவன் வேகவேகமாக மூச்சு வாங்கிப் பிடித்து வைத்திருக்கும் 97ஆக இருக்கலாம். களைத்துப் போன பிறகுதான் அந்த எண் இறங்கும், அப்போது நேரம் கடந்திருக்கும். வீட்டுக்கு வீடு தெர்மாமீட்டர், ஆக்ஸிமீட்டர், பிரஷர் மெஷின் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் எந்தக் கருவியும் தேவைப்படாத மூச்சை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. வார்டிலேயே பார்க்கிறேன், எல்லா நோயாளிக்கும் 20, 20, 20 என்று எழுதி வைத்திருப்பார்கள், அருகில் நின்று எண்ணியிருக்கவே மாட்டார்கள். ஒருமுறை 10 மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். சூடு, ஆக்ஸிஜன் இரண்டையும் இரண்டு நாளாக மணிக்கு மணி போனில் குறித்து வைத்திருந்தார்கள். சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது, நிமிடத்துக்கு 64. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு யாருமே இதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அழாமல், சாப்பிடாமல் இருக்கும்போது, தூக்கத்தில் என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக வராது, ஒன்று தப்பினால் நாலு தப்பும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இதைத் தொட்டால் வேக மூச்சு. பெரியவர்களுக்கு 12 முதல் 20 இயல்பு. உங்கள் மகனுக்கு 40 வந்தால் இன்றே காட்டுங்கள். விலா குழிவது, மூக்கு விடைப்பது, முனகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டே இருக்காமல் உடனே கிளம்புங்கள்.

கே: அப்பாவுக்கு 72. ஐந்து நிமிடத்துக்குள் பிரஷர் 158, 146, 138. மெஷின் பழுதா?

ப: இல்லை, அவர் இப்போதுதான் அமைதியாகிறார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சளவில், பேச்சே கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் கூடாது. கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும். காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் எழுதுங்கள். சராசரி 135/85 தாண்டினால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

கே: பாட்டிக்கு 84. ஜுரம் இல்லை, 98.8தான். ஆனால் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, ஆளை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்.

ப: வயதானவர்களுக்கு வழக்கமான சூடே 97ஐ ஒட்டி இருக்கலாம், அப்படியென்றால் 98.8 அவருக்கு ஏற்றம்தான். நல்ல தொற்று இருந்தும் சூடே ஏறாத முதியவர்களும் உண்டு. இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் நாடியும் ஏறாமல் ஏமாற்றலாம். திடீர்க் குழப்பத்தை வயதுக் கோளாறு என்று விடாதீர்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கூட்டிப் போங்கள்.