8 மி.மீ. போரிங் பார் அலறுகிறது, துளை வாய் அகன்று போகிறது: பதில்

வணக்கம். லேத்தில் துளையை உள்ளிருந்து அகலமாக்கும் போரிங் பார் (நுனியில் வெட்டும் டூல் உள்ள தண்டு) அலறுகிறது, துளையின் வாய் உட்பகுதியைவிட அகன்று போகிறது என்று கேட்டிருந்தீர்கள். 40 மி.மீ. ஆழத் துளைக்கு 60 மி.மீ. பாரை வெளியே நீட்டியிருக்கிறீர்கள். முதல் சிக்கல் அதுதான். நீளம் கூடினால் வளைவு அதன் மூன்றாம் அடுக்கில் கூடும். 45 மி.மீ. மட்டும் வெளியே இருக்கும்படி உள்ளே தள்ளிப் பிடித்தால் வளைவு பாதிக்கும் கீழே போய்விடும். 45 என்பதே ஸ்டீல் பாருக்கு அதிகம். வெளியே நீட்டிய நீளம் பாரின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போனால் அது அதிர்ந்து பாடத்தான் செய்யும். கார்பைடு (ஸ்டீலைவிட மிக விறைப்பான பொருள்) தண்டு உள்ள பார் கிடைத்தால் இந்த நீளத்தைத் தாங்கும்.

அப்புறம், டூல் நுனிக்குக் கீழே உள்ள அடிப்பக்கத்தில் மார்க்கர் மை தடவி ஒரு பாஸ் (துளை வழியே ஒரு முறை வெட்டு) ஓட்டிப் பாருங்கள். மை அழிந்திருந்தால் டூல் வெட்டவில்லை, துளைச் சுவரில் உரசுகிறது என்று அர்த்தம். சின்னத் துளையில் இது அடிக்கடி நடக்கும். அந்த அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து, நுனியை சென்டருக்கு (வேலைப்பொருள் சுழலும் அச்சின் உயரம்) ஒரு மயிரிழை மேலே வையுங்கள். பார் கீழே வளையும்போது சரியாக சென்டருக்கு வந்து நிற்கும்.

கடைசி பாஸில் 0.05 மி.மீ. ஆழம் மட்டும் எடுப்பதாகச் சொல்கிறீர்கள். டூல் நுனியின் வளைவு ரேடியஸ் 0.4 மி.மீ. இருக்கும்போது அவ்வளவு மெல்லிய வெட்டு உலோகத்தைத் தள்ளும், வெட்டாது. அதனால்தான் ஆழம் வைக்கும் டயலைத் தொடாமல் மறுபடி ஓட்டினாலும் உலோகச் சுருள் வருகிறது. 0.2 மி.மீ. ரேடியஸ் இன்சர்ட்டுக்கு (மாற்றக்கூடிய வெட்டும் நுனி) மாறுங்கள். கடைசி இரண்டு பாஸுக்கும் ஒரே ஆழம் வையுங்கள். முதலாவதில் பார் எவ்வளவு வளைந்தது என்பதை அளந்து, இரண்டாவதில் அதைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

சுருளை ஒவ்வொரு பாஸுக்கும் வெளியேற்றுங்கள், லேத்தை நிறுத்திய பிறகு மட்டும்.