விரல் ரேகையில் கணக்கு வராது

கேள்வி: ஊர் குடியாத்தம். மகள் பத்தாவது வரை தமிழ் வழி, இப்போது பதினொன்றில் ஆங்கில வழி. "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று அழுகிறாள். ஒருவர் விரல் ரேகை பார்த்துத் திறமையைச் சொல்லி, மூன்று நாள் தன்னம்பிக்கை முகாமும் நடத்துகிறாராம். 12,000 ரூபாய். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. விரல் ரேகைக்கும் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'கணக்குத் திறன் குறைவு' என்று கலர் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுப்பார்கள், அதைப் படித்த பிள்ளை 'நான்தான் சொன்னேனே' என்று புத்தகத்தை மூடிவிடும். காசு கொடுத்து, இருக்கிற நம்பிக்கையையும் கெடுத்துக்கொள்வானேன்?

முகாமும் அப்படித்தான். மூன்று நாள் கை தட்டி "என்னால் முடியும்" என்று கத்திவிட்டு வந்தாலும் திங்கட்கிழமை அதே முக்கோணவியல்தான். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதியது இந்த மாதிரிப் பொதுவான தைரியத்தைப் பற்றி அல்ல. 'இந்த வேலையை என்னால் முடிக்க முடியும்' என்று அந்தந்த வேலைக்கு வரும் நம்பிக்கையைப் பற்றி. அது இருக்கிற பிள்ளை கணக்கு நடுவில் நின்றாலும் வேறு வழி போட்டுப் பார்க்கும், இல்லாத பிள்ளை இரண்டாம் வரியிலேயே பேனாவை மூடிவிடும், மார்க் போவது அங்கேதான். அது பெரும்பாலும் தானே செய்து முடித்துப் பார்ப்பதில்தான் வருகிறது. புகழ்ச்சி மேலே தூவுகிற கொத்தமல்லி.

1981-இல் அவரும் ஷங்க் என்பவரும் கழித்தலில் ரொம்பப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 42 பக்கம் கொடுத்தார்கள், 7 தடவை உட்கார்ந்து போட வேண்டும். தடவைக்கு 6 பக்கம் என்று சொல்லப்பட்டவர்கள், மொத்தத்தையும் கடைசிக்குள் முடி என்று சொல்லப்பட்டவர்களைவிடக் கணக்கிலும் நம்பிக்கையிலும் முன்னே போனார்கள். நீங்களும் தினம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அவளால் போட முடிகிற 4 கணக்கு, கொஞ்சம் இடிக்கிற மாதிரி 1, அவ்வளவு கொடுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் விஷயமே வேறாக இருக்கலாம். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, கேள்வி புரியாமல் இருக்கலாம். 'மதிப்பகம்' என்று தமிழில் படித்தது 'டொமைன்' என்று திடீரென்று வந்து விழுந்தால் யாருக்கும் கை நிற்கும். ஒரு கணக்கை எடுத்து, தமிழில் வாசித்துச் சொல்லுங்கள், உங்களுக்குப் புரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனைச் சொல்லச் சொல்லுங்கள். மளமளவென்று போட்டால் குறை நம்பிக்கையில் இல்லை, மொழியில். அப்போது எந்த உற்சாகப் பேச்சும் உதவாது. தமிழ் வழிப் புத்தகத்தையும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் படித்தால் போதும். இப்படி மாறி வருகிற பிள்ளைகளுக்கு ஜூன் மாதமே இரண்டு வாரம் சொற்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது பள்ளி. அங்கேயோ முதல் டெஸ்ட் மார்க்கை வகுப்பில் உரக்கப் படிப்பதற்குத்தான் நேரம் இருக்கிறது.

ரேகைக்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். 'ஆஃபர் இன்றைக்குத்தான்' என்று போன் வரும், எடுக்காதீர்கள்.