‘முடிந்தால்’ என்றால் முடிந்தால்தானே?

அலுவலகச் சிக்கல்கள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

எட்டுப் பேர் கொண்ட கணக்குச் சரிபார்ப்புக் குழுவுக்கு நான் தலைவர். ஆறு மாதம் முன்பு சேர்ந்த ஒருவர் தனக்கு ஆட்டிசம் இருப்பதாக எங்கள் எல்லோரிடமும் அவராகவே சொன்னார். வேலையில் குறையே கிடையாது. மற்றவர்கள் மூன்று முறை பார்த்தும் விட்ட பிழையை அவர் பிடித்துவிடுவார். ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். போன வாரம் கூட்டத்தில் மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே “இந்த எண் தப்பு” என்றார். எண் தப்புதான், அது வேறு விஷயம். ‘திமிர்’ என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு நடத்திப் பார்த்தோம், பலனில்லை. இவரை எப்படிக் குழுவோடு பொருந்தவைப்பது?
— பெயர் வேண்டாம்

‘அது வேறு விஷயம்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கென்னவோ அதுதான் விஷயம் என்று படுகிறது. கணக்குச் சரிபார்க்கும் குழுவில் ஒருவர் தப்பான எண்ணைத் தப்பு என்கிறார். அதற்குப் பெயர் திமிரா?

சரி, உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். ஓர் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவை நடத்திக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒரு இளைஞருக்குக் காலையில் மின்னஞ்சல் போட்டேன்: ‘முடிந்தால் இதை இன்று பார்த்துவிடுங்கள்.’ மாலை ஆறு மணிக்கு மேலிடத்திலிருந்து எனக்கு அழைப்பு, கோப்பு எங்கே என்று. அவரிடம் ஓடினேன். “முடியவில்லை மேடம், வேறு வேலை இருந்தது” என்றார் நிதானமாக. “சொல்லியிருந்தேனே!” என்றேன். “முடிந்தால் என்றுதானே எழுதியிருந்தீர்கள்?” என்றார். குரலில் நக்கலே இல்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று என்னென்ன பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்த மின்னஞ்சலை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரி. எங்கள் பிரிவில் ‘முடிந்தால்’ என்றால் ‘கட்டாயம்’ என்று அர்த்தம். ‘ஒரு பார்வை பாருங்கள்’ என்றால் ‘முழுதாகத் திருத்துங்கள்’. ‘அவசரமில்லை’ என்றால் ‘நாளைக்குள்’. இந்த அகராதியை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு முறை திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞர் நான் எழுதிய தமிழைத் தமிழாகப் படித்தார், அவ்வளவுதான். அவருக்கு ஆட்டிசம் இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அதன்பிறகு எந்த வேலையைக் கொடுத்தாலும் நான்கு விஷயம் எழுத ஆரம்பித்தேன்: என்ன வேண்டும், எத்தனை மணிக்குள், எந்த வடிவத்தில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. முதலில் எனக்கே சலிப்பாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் பார்த்தால், புதிதாக வந்த மற்ற இரண்டு பேரும் என் மேசைக்கு வந்து “மேடம், இது எப்போதுக்குள்?” என்று நிற்பதை விட்டிருந்தார்கள். அவர்களும் இத்தனை நாள் ஊகித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெளியே சொல்லவில்லை.

டேமியன் மில்ட்டன் என்று இங்கிலாந்தில் ஒரு சமூகவியலாளர். அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் பேச்சு இடறினால், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. அவருக்கு நம்மைப் புரியவில்லை என்பது எவ்வளவு உண்மையோ, நமக்கு அவரைப் புரியவில்லை என்பதும் அவ்வளவு உண்மை. ஆனால் மாறிக்கொள்ளும் வேலை மட்டும் எப்போதும் ஒரு பக்கத்தின் தலையில் விழுகிறது. ‘பொருந்தவைப்பது’ என்ற உங்கள் சொல்லையே பாருங்களேன்.

இனி உங்கள் மனிதருக்கு வருவோம். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை விட்டுவிடுங்கள். கண்ணைப் பார்ப்பது, காதால் கேட்பது இரண்டையும் சேர்த்துச் செய்வது ஆட்டிசம் உள்ள பலருக்கும் பெரும் பாடு. அவர் தரையைப் பார்க்கிறார் என்றால் நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்கிறார் என்றுகூட இருக்கலாம். ஹெட்போனும் அப்படித்தான். நமக்குக் கேட்காமலே போய்விடும் ஏசி இரைச்சலும் பக்கத்து மேசைப் பேச்சும் சிலருக்கு ஒரே சத்தத்தில் ஒன்றாக வந்து விழும். அதற்கு அவர் போட்டுக்கொண்ட கதவு அது. கூப்பிட வேண்டுமென்றால் கணினியில் ஒரு வரி செய்தி அனுப்புங்கள், தோளைத் தட்டாதீர்கள்.

கூட்டத்தில் நடந்ததற்கு அவரைத் தனியே அழைத்து நேராகப் பேசுங்கள். ‘கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது என் ‘முடிந்தால்’ மாதிரி. “கூட்டத்தில் பிழை கண்டால் உடனே எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் எழுப்புகிறேன். வெளியாட்கள் இல்லாத கூட்டம் என்றால் நீங்களே சொல்லலாம்” என்று விதியாகவே சொல்லுங்கள். கூடவே, எண்கள் உள்ள அறிக்கையை முந்தைய நாளே அவரிடம் கொடுத்துவிட்டால் மேலதிகாரிக்கும் மானம் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவரையே கேளுங்கள், “எந்த மாதிரி நாளில் வேலை சுலபமாகப் போகிறது? எது இடிக்கிறது?” என்று. நான் மேலே எழுதியதில் பாதி அவருக்குப் பொருந்தாமலும் போகலாம். அந்த ஒரு மணி நேரப் பயிற்சி பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வகுப்பு முடிந்து இருக்கைக்குத் திரும்பிய தலைவர் பழையபடியே மின்னஞ்சல் எழுதினால் என்னதான் மாறும்?

எனக்கு வயது 34. சென்ற ஆண்டுதான் ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும் வேலையை ஒழுங்குபடுத்துவதும் சிரமமாகும் நிலை) என்று மருத்துவர் உறுதிசெய்தார். இத்தனை வருடம் என்னைச் சோம்பேறி என்றே நினைத்துவந்தேன். இதை மேலாளரிடம் சொல்லலாமா?
— ஒரு வாசகி

முதலில், இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது அதிசயமில்லை. வகுப்பில் ஓடியாடிக் கலாட்டா செய்யும் பையன் ஆசிரியர் கண்ணில் படுவான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வேறு உலகத்தில் இருக்கும் பெண் ‘சாது’ என்று பெயர் வாங்கிவிடுவாள். பல பெண்களுக்கு வயது ஏறிய பிறகுதான் தெரிகிறது.

சொல்லலாமா என்றால், என் அபிப்பிராயம்: தேவையை முதலில் சொல்லுங்கள், பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். “இரண்டு வேலை சேர்ந்து வந்தால் எது முதலில் என்று எழுதிக்கொடுங்கள்.” “மாதக் கடைசி என்று ஒரே கெடு வேண்டாம், வாரம் ஒரு கெடுவாகப் பிரித்துத் தாருங்கள்.” இவற்றைக் கேட்க மருத்துவச் சான்று எதற்கு? இந்தச் சின்னக் கோரிக்கைகளுக்கு அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தாலே பெரிய விஷயத்தை அவரிடம் சொல்லலாமா என்று தெரிந்துவிடும். ஒரு தடவை சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

ஆனால் வேலை நேரத்தை மாற்றுவது, தனி இருக்கை கேட்பது போன்றவற்றுக்கு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டி வரலாம். அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். எழுத்தில் சொல்லுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

இன்னொன்று. ஒரு தோழி பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தாலே உங்கள் வேலை ஓடுகிறதா என்று சோதித்துப்பாருங்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பலர் இதைத்தான் கைவசம் வைத்திருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் செய்தாலும் நடக்கும். பேசவே வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள என் தம்பி கணினி நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். நேர்முகத் தேர்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்கிறான்.
— ஒரு அக்கா

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கும்தான் தெரியாது. பேச்சுத் திறமையை அளந்துவிட்டு நிரல் எழுத ஆள் எடுக்கிறார்கள்.

டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர் தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004இல் ‘ஸ்பெஷலிஸ்டர்ன’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் சோதிப்பது போன்ற வேலைகளுக்கு ஆட்டிசம் உள்ளவர்களை எடுத்தார். பேசவைத்து எடைபோடுவதற்குப் பதில் லெகோ ரோபோக்களைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம் 2013இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அதனால் உங்கள் தம்பி தயங்காமல் கேட்கட்டும்: கேள்விகளை முன்கூட்டியே அனுப்ப முடியுமா? பேச்சுக்குப் பதில் செய்முறைத் தேர்வு வைக்க முடியுமா? முடியாது என்று சிலர் சொல்வார்கள். அங்கே சேர்ந்திருந்தால் பிற்பாடு எப்படி நடத்தியிருப்பார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

டிஸ்லெக்சியா (படிப்பதும் எழுதுவதும் சிரமமாகும் நிலை) உள்ள சக ஊழியருக்கு அறிக்கை எழுதக் கூடுதல் நேரம், படித்துக்காட்டும் மென்பொருள் எல்லாம் தருகிறார்கள். எங்களுக்கு இல்லை. இது பாரபட்சம் இல்லையா?
— பெயர் வேண்டாம்

அவருடைய கூடுதல் நேரத்தால் உங்கள் தலையில் வேலை கூடுகிறதா? கூடுகிறது என்றால் வேலையைப் பங்கிட்டவரிடம் போய்ச் சண்டை போடுங்கள், நியாயம் உண்டு. அவரிடம் போகாதீர்கள்.

மென்பொருள் உங்களுக்கும் வேண்டுமென்றால் யாரையும் கேட்கவே வேண்டாம். உங்கள் கணினியிலும் கைபேசியிலும் படித்துக்காட்டும் வசதி அநேகமாக ஏற்கெனவே இருக்கும். நான் தினமும் பயன்படுத்துகிறேன். இந்தப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பும் முன் அதை வாசிக்கவிட்டுக் கேட்டேன். முதல் பதிலில் ‘அவர்’ ஒரே வரியில் மூன்று தடவை வந்திருந்தது. கண் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறது, காது பிடித்துவிட்டது.