பொருளே மிஞ்சாத அடிமை வரலாற்றை அருங்காட்சியகத்தில் எப்படிக் காட்சியாக்குகிறார்கள்?

வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கென 2016இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே பழைய காலத்தைப் பார்க்கத் தரைக்குக் கீழே இறங்க வேண்டும். வெளிச்சம் குறைவான ஓரிடத்தில் துருவேறிய இரும்புப் பாளங்கள். பழைய இரும்புக் கடையில் கிடந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். உங்கள் கேள்விக்கு நான் அவற்றைத்தான் காட்டுவேன்.

சாவோ ஜோசே என்ற போர்ச்சுகீசியக் கப்பல் 1794 டிசம்பரில் மொசாம்பிக்கிலிருந்து 400க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குக் கிளம்பியது. கேப் டவுன் அருகே பாறையில் மோதி உடைந்தது. சுமார் பாதிப் பேர் மூழ்கினார்கள்; பிழைத்தவர்களைக் கேப் டவுனிலேயே விற்றுவிட்டார்கள்.

1980களில் புதையல் தேடிப் போனவர்கள் கண்ணில் இந்தக் கப்பல் பட்டது. ஏதோ பழைய டச்சுக் கப்பல் என்று நினைத்துவிட்டார்கள்! பல வருடம் கழித்து, கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் தலைவன் கொடுத்த வாக்குமூலம் கிடைத்தது. மொசாம்பிக் போவதற்காகக் கப்பல் முதலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டபோது 1,400க்கும் மேற்பட்ட இரும்புப் பாளங்கள் ஏற்றிய கணக்கு போர்ச்சுகலில் கிடைத்தது. கடலுக்கடியிலும் அதே மாதிரிப் பாளங்கள். நான் அருங்காட்சியகத்தில் பார்த்தவை அவைதான்.

அடிமைக் கப்பலில் எதற்கு இவ்வளவு இரும்பு? மூட்டைச் சரக்கு கனமானது, போட்ட இடத்தில் கிடக்கும். மனிதர்கள் அந்த அளவுக்குக் கனமில்லை, அசையவும் செய்வார்கள். கப்பல் சாயாமலிருக்க அடியில் இரும்பு அடுக்கினார்கள். இது தெரிந்த பிறகு என்னால் அங்கிருந்து சட்டென்று நகர முடியவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காகிதம் எல்லாம் விற்றவனும் வாங்கியவனும் எழுதியது. அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும், பெயர் பெரும்பாலும் இருக்காது. பெரும்பாலோரின் பெயர், அடிமைமுறை ஒழிந்த பிறகு வந்த 1870 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக வருகிறது. அதனால் வீட்டுப் பெட்டிகளையும் பாட்டிமார் சொன்ன கதைகளையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்த அருங்காட்சியகமே கையில் ஒரு பொருளும் இல்லாமல் தொடங்கியதுதான். 2008 முதல் ஊர் ஊராகப் போய், வீட்டிலிருக்கும் பழைய பொருள்களைக் கொண்டுவரச் சொல்லி, அவை என்னவென்று பார்த்து, கெடாமல் வைத்திருக்கும் வழியையும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம், அந்த இரும்புப் பாளங்கள்கூட அவர்களுடையவை அல்ல, தென்னாப்பிரிக்காவிலிருந்து இரவலாக வந்தவை.