மயில் கழுத்து நீலம்

அன்புள்ள ஐயா,

கத்தி செய்வதைப் பற்றித் தாங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். எனக்கு வயது 26. பழைய இரும்புக்கடையில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டையில் இதுவரை மூன்று கத்திகள் செய்திருக்கிறேன். கடைசிக் கத்தியைக் கிரைண்டரில் தீட்டியபோது அதன் வாய் ஓரத்தில் மயில் கழுத்து நிறத்தில் நீலம் ஓடியது. அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் மூன்றுமே நாலு வெங்காயம் அரிவதற்குள் மழுங்கிவிடுகின்றன. இணையத்தில் விற்கும் அலையலையான டமாஸ்கஸ் எஃகை வாங்கினால்தான் சரிவருமா? இன்னொன்று, "கொடுங்கையூர்ப் பையன் கத்தி செய்கிறான் என்று வெளியே தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்?" என்று அம்மா வருந்துகிறார். தங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

வாசகர், கொடுங்கையூர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாவது கத்தி ஏன் மழுங்கியது என்பதற்கான விடை, நீங்கள் ரசித்த அந்த நீலத்திலேயே இருக்கிறது. பதம் ஏறிய எஃகை, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று முக்கிக் கடினமாக்கிய எஃகை, மறுபடி சூடாக்கினால் அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று படரும். அது 200 டிகிரியைத் தாண்டும்போது வைக்கோல் நிறமாகவும், 300 டிகிரியை ஒட்டி நீலமாகவும் தெரியும். கத்தியின் வாய்க்கு வேண்டியது வைக்கோல் நிறம், நீலமோ வளைந்து நிமிரும் ஸ்பிரிங்குக்கு உரியது. வாய் மெல்லியதாக இருப்பதால், கிரைண்டர் சக்கரம் உரசும் சூடு போக இடமில்லாமல் ஒரு நொடியில் அங்கே தேங்கிவிடும். ஆக, பாடுபட்டு ஒரு ஸ்பிரிங்கைக் கத்தியாக்கிவிட்டு, கடைசி நிமிடத்தில் அதன் வாயை மட்டும் மறுபடி ஸ்பிரிங்காகவே மாற்றியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, வெறும் விரலால் கத்தியைப் பிடித்துத் தீட்டுங்கள். விரல் சுட்டால் முக்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு தீட்டுபவனுக்குக் கத்தி வேகிறது தெரியாது.

முதல் இரண்டு கத்திகளின் கதை வேறாக இருக்கலாம். அவற்றை எந்தச் சூட்டில், எதில் முக்கித் தோய்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதினான்கு வயதில் நான் போய் நின்ற பட்டறை, காசிமேட்டில் படகுகளுக்கு ஆணியும் கொக்கியும் அடித்துக் கொடுத்த ஒரு சின்னத் தகரக் கொட்டகை. அங்கிருந்த பெரியவர் நாள் முழுக்க மற்ற வேலைகளைச் செய்வாரே தவிர, தோய்க்கும் வேலையைப் பொழுது சாய்ந்த பிறகுதான் தொடுவார். ஏதோ சாங்கியம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பகல் வெளிச்சத்தில் பழுத்த இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதும், ஒரே இரும்பு வெயிலில் கறுத்தும் இருட்டில் செக்கச்செவேல் என்றும் தெரியும் என்பதும் பிறகுதான் புரிந்தன. நூலில் கட்டிய ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை உலையருகே தொங்கவிட்டிருப்பார். இரும்பு 770 டிகிரியைத் தொட்டதும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் போன பிறகும் ஒரு மூச்சு நேரம் விட்டு, நிறம் இன்னும் சற்றே தெளிந்ததும் எண்ணெயில் இறக்குவார். அந்த எண்ணெயும் சில்லென்று இருக்கக் கூடாது, கை பொறுக்காத அளவுக்குச் சுட்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால், நல்ல கடினம் ஏறும் அதே வேளையில் விரிசல் விட்டு 'டிக்' என்று ஒரு சத்தமும் கேட்கலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கத்தியைப் பழைய இரும்புக்கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

தோய்த்து எடுத்ததும் வாயில் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. கடித்தால், மேல்தோலில் எஃகுக்குக் கடினம் தரும் கரி (கார்பன்) எரிந்து போயிருக்கலாம். கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கடித்தால் சூடு போதவில்லை. அரம் வழுக்கிய கத்தியை அப்படியே விட்டுவிடவும் கூடாது, கீழே விழுந்தால் சில்லுச்சில்லாகப் போகும். வீட்டில் கேக் சுடும் ஓவன் இருந்தால், அதில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு முறையும் வையுங்கள்.

எஃகை நொந்துகொள்ள வேண்டாம். லாரிப் பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரி உண்டு, சமையலறைக் கத்திக்கு அது போதும். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம் என்பது ஒன்றுதான் அதிலுள்ள குறை. இன்று டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக ஒட்டவைத்து அடித்து, அமிலத்தில் முக்கி வரியை எழுப்பியவை. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பேர்போன எஃகு மண் மூசையில் (உலையில் வைக்கும் சிறு மண் குடுவையில்) உருக்கிய நம் பக்கத்து உருக்கு. அதில் கரி ஏறத்தாழ 1.5 பங்கு. அத்தகைய எஃகு செய்ததற்கான தடயங்கள் ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் கிடைத்திருக்கின்றன. மைக்கேல் பாரடே 1819-இல் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். உங்கள் வெங்காயத்துக்கு அது தேவையில்லை.

ஸ்டீல் எப்படியிருந்தாலும், கத்தியைச் சோதிக்க நீங்கள் தகுந்த ஆள் அல்ல. நானும் அல்ல. முப்பது வயதில் நான் செய்தவற்றிலேயே சிறந்தது என்று நம்பிய ஒரு கத்தியை, முகம் தெரியும்படி மெருகேற்றி, ஈட்டி மரத்தில் வழவழவென்று பிடி போட்டு, காசிமேட்டில் மீன் வெட்டும் ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். "ஷோக்காத்தான் கீது தம்பி, ஆனா மீன் கைக்கு நிக்கலயே" என்றார். அவருடைய சொந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தேன். முதுகு என் கத்தியைப்போல் இரண்டு மடங்கு தடிமன். பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். புளியங்கட்டையில் வைத்து வஞ்சிரத்தின் நடுமுள்ளில் ஒரே போடாகப் போடுவதற்கு வாய் ரொம்பவும் மெல்லியதாக இருக்கக் கூடாது, சோர்ந்தால் அங்கேயே கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கூராக்கிக்கொள்ளவும் வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கத்தியைக் கையில் வைத்திருந்த ஐந்து நிமிடத்தில் விளங்கியது. அதன் பிறகு நான் மெருகேற்றுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டேன். இந்தக் கடற்காற்றில் மெருகு இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை என்பதும் ஒரு காரணம்.

அம்மாவின் வருத்தம் எனக்குப் புதிதல்ல. வடசென்னையையும் கத்தியையும் சேர்த்துச் சொன்னால் சினிமாக்காரர்களுக்கு நினைவு வருவது ஒன்றுதான். இங்கே விடியற்காலையிலிருந்து ஓயாமல் வேலை செய்யும் கத்திகள் மீன் சந்தையிலும் கறிக்கடையிலும்தான் இருக்கின்றன என்பதை எந்தக் கேமராவும் காட்டுவதில்லை. என் வீட்டில் நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் அருவாமனையைக் கழற்றி, புதிய அலகு போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு பக்கத்து வீட்டு அருவாமனைகளை அம்மாவே வாங்கிவந்து என்னிடம் கொடுக்கத் தொடங்கினார்.

ஆனாலும் எச்சரிக்கையாக இருங்கள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதம் என்றே கணக்கில் வைக்கின்றன. செய்தித்தாளில் சுற்றிய ஒரு மீன் கத்தியுடன் ராத்திரி பஸ்ஸில் வந்த குற்றத்துக்காக, ஒரு காவல் நிலைய பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவன் நான். என்ன விளக்கியும் பயனில்லை. காலையில் மீன்காரம்மா நேரில் வந்து கத்தி தன்னுடையதுதான் என்று சத்தம் போட்ட பிறகே விட்டார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. முதல் இரண்டு கத்திகளில் ஒன்றைத் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பட்டறைப்பிடியில் (வைஸில்) மாட்டி அடித்து உடையுங்கள். மனம் வராது, தெரியும். உடையாமல் வளைந்தே போனால் அதில் பதமே ஏறவில்லை. உடைந்தால் உடைந்த முகத்தை வெயிலில் காட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பட்டுத்துணிபோல் மங்கி இருந்தால் சூடு சரி, கோளாறு பிற்பாடு நடந்திருக்கிறது. சர்க்கரைபோல் மணிமணியாக மின்னினால் உலையில் அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டிருக்கிறீர்கள். எது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்.