ஆஸ்திரேலியாவின் அதிரடித் தொடக்க ஆட்டக்காரரான மேத்யூ ஹெய்டனால் 2001இல் இந்தியச் சுழலை மட்டும் எப்படி அப்படி ஆட முடிந்தது?

அதிரடி என்பதால் அல்ல, ஸ்வீப் என்பதால்: முழங்காலிட்டு, பந்தைக் குறுக்கே லெக் பக்கம் பெருக்குவதுபோல் அடிக்கும் ஷாட். 1994இல் ஜோகன்னஸ்பர்க்கில் அறிமுகமாகி, ஆறேழு வருடம் உள்ளே வெளியே என்று அலைந்தவர் ஹெய்டன். 2001 இந்தியத் தொடரின் மூன்று டெஸ்ட்களில் 549 ரன், சராசரி 109.80. அதே தொடரில் இந்திய ஆஃப் ஸ்பின்னர் ஹர்பஜன் எடுத்தது 32 விக்கெட். அப்படிப்பட்ட பந்துவீச்சுக்கு எதிராக வந்த ரன்கள் இவை.

இடக்கைக்காரருக்கு ஆஃப் ஸ்பின் வெளியே திரும்பும். அதைக் குறுக்கே அடிப்பது திருப்பத்துக்கு எதிரான ஆட்டம். பந்து திரும்பி எழும்பினால் மட்டையின் மேல் விளிம்பில் பட்டுக் கேட்ச். ஹெய்டன் இதைக் காலால் சரிக்கட்டினார். நெடிய உடம்பு, நீளமான காலடி. முன்காலைப் பந்து விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஊன்றி, பின்முழங்காலைத் தரையில் வைத்து, பந்து திரும்புவதற்கு முன்பே அடித்துவிடுவார். தலை பந்துக்கு மேலே இருக்கும், மணிக்கட்டு உருளும், பந்து தரையோடு போகும். காலடியின் நீளம் அரை அடி குறைந்தாலும் இந்த ஷாட் தற்கொலைதான். குட்டையானவர்கள் அவரைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

பந்து காலில் பட்டு அவுட்டாகும் எல்பிடபிள்யூ பயமும் குறைவு. ஓவர் த விக்கெட்டிலிருந்து (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி) வரும் ஆஃப் ஸ்பின்னில் கோணம், திருப்பம் இரண்டுமே பந்தை வெளியே கொண்டுபோகும். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தால் அவுட்டே கிடையாது. ஸ்டம்புக்கு மறுபக்கமிருந்து, ரவுண்ட் த விக்கெட் வந்தால்தான் கொஞ்சம் சிக்கல்.

ஸ்வீப் ரன் தருவதோடு நிற்காது. இரண்டு பவுண்டரி போனால் லெக் பக்கத்து ஃபைன் லெக், ஸ்கொயர் லெக்குக்கு ஆள் போக வேண்டும், மட்டைக்கு அருகில் நிற்பவர் குறைவார். பந்துவீச்சாளர் நீளத்தைக் குறைப்பார். அப்போது பின்காலில் ஆடலாம். சேப்பாக்கத்தில் அடித்த 203இல் ஆறு சிக்சர். ஸ்டீவ் வா பந்தைக் கையால் தடுத்து அவுட்டானபின் 340க்கு 3 என்றிருந்த அணி 391க்குச் சுருண்டது. அந்தச் சரிவுக்கு நடுவில்தான் இரட்டைச் சதம். ஆஸ்திரேலியா அந்த டெஸ்ட்டில் தோற்றது வேறு கதை.

வேகப்பந்துக்கும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான்: பந்துவீச்சாளரை நோக்கி நடந்துபோய் அவர் நீளத்தைக் கெடுப்பது. பெர்த்தில் 2003இல் ஜிம்பாப்வேக்கு எதிராக 380 அடித்தார். ஆனால் 2005இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் பந்து தாமதமாக வளைந்தபோது இந்த வித்தை பலிக்கவில்லை. முன்கால் முதலிலேயே ஊன்றிவிடும், கைகள் பந்தைத் துரத்தும். எட்ஜ்பாஸ்டனில் ஹாகார்ட் வீசிய முதல் பந்தையே டிரைவ் செய்து ஸ்ட்ராஸிடம் கொடுத்தார். ஓவலில் நடையை விட்டுவிட்டு நிதானமாக 138 எடுத்த பிறகுதான் அணியில் இடம் தப்பியது.

மொத்தம் 103 டெஸ்ட், 8625 ரன், 30 சதம். நம்மூர்க்காரர்களுக்கு அவரோடு சேர்ந்து நினைவுக்கு வருவது 2010இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக எடுத்துவந்த மங்கூஸ் மட்டை: கைப்பிடி நீளம், அடிக்கும் பகுதி குட்டை. டெல்லியில் 43 பந்தில் 93. வீசி அடிக்க அருமையான மட்டை. தடுத்தாடத்தான் அதில் பரப்பு போதாது, அதனால் மற்றவர்கள் அதை அவ்வளவாகத் தொடவில்லை.